அரைக்கால் சட்டை வயதில் படித்தவர்களுக்கு

சென்ற சனிக்கிழமை இங்கே சிங்கப்பூரில் நடந்த தமிழ் வாசகர் சந்திப்பில், கல்கியின் பொன்னியின் செல்வனை இந்த ஆண்டுதான் முதன்முறையாகப் படித்தேன் என்று சொன்னேன். அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று சிலர் தனிச்செய்தியில் கேட்டுவிட்டார்கள். அந்தக் காணொளித் துணுக்கு எல்லா வாட்ஸ்அப் குழுக்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டதால் மறுபடியும் அதை விவரிக்க வேண்டியதில்லை. “58 வயதில்தான் பொன்னியின் செல்வனா? நாங்கள் எல்லாம் அரைக்கால் சட்டை போட்ட வயதிலேயே முடித்துவிட்டோமே!” என்று அங்கே பேசிய பெரியவர் ஒருவர் ஒலிவாங்கியில் சொன்னதும், அரங்கம் சிரித்ததும், நானும் சேர்ந்து சிரித்ததும் அதில் பதிவாகியிருக்கின்றன. நான் சிரித்தது சபை நாகரிகத்துக்காக. இப்போது எழுதுவதையும் நாகரிகமாகவே எழுத முயல்கிறேன். எவ்வளவு தூரம் முடியும் என்று பார்ப்போம்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. ஒரு நாவலை எந்த வயதில் படித்தோம் என்பது தகுதிச் சான்றிதழ் அன்று. பன்னிரண்டு வயதில் படித்தவர் முதல் வகுப்பு, இருபதில் படித்தவர் இரண்டாம் வகுப்பு, ஐம்பதைத் தாண்டிப் படித்தவர் வாசலில் நிற்க வேண்டியவர் என்று யாரும் சட்டம் இயற்றவில்லை. கல்கி 1899-இல் பிறந்தவர். பொன்னியின் செல்வன் அவருடைய இதழில் தொடராக வரத் தொடங்கியது 1950-இல். அதாவது, அதை எழுத உட்கார்ந்தபோது அவருக்கு வயது 51. மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் எழுதி 1954-இல் முடித்தார்; அந்த ஆண்டு டிசம்பரிலேயே காலமானார். எழுதியவருக்கு ஐம்பத்தொரு வயதில் தொடங்குவது தாமதமாகத் தெரியவில்லை. படிப்பவனுக்கு மட்டும் வயது கடந்துவிட்டதாம்.

“படம் வந்த பிறகுதானே படித்தீர்கள்?” என்று அடுத்த கணை வரும் என்பது தெரியும், அன்றைக்கே பின்வரிசையிலிருந்து ஒருவர் முணுமுணுத்தார். 2022-இல் முதல் பாகமும் 2023-இல் இரண்டாம் பாகமும் திரைக்கு வந்தன; இரண்டையும் பார்த்தேன். பார்த்த பிறகு கதையை முழுதாகத் தெரிந்துகொள்ளத் தோன்றியது. இதில் குற்றம் எங்கே இருக்கிறது? திரையரங்கிலிருந்து நூலகத்துக்கு ஒருவன் நடந்து போனால் கைதட்ட வேண்டியவர்கள், அவன் எந்த வாசல் வழியாக வந்தான் என்று விசாரணை நடத்துகிறார்கள். கைப்பேசியில் படித்தால் அது படிப்பே ஆகாது என்றும் ஒருவர் எழுதியிருந்தார். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டுவிட்டன. மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் ஐந்து பாகங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் பாதியை நூலகப் பிரதியிலும் பாதியை ஈசூனிலிருந்து நகரத்துக்குப் போகும் ரயிலில் நின்றபடி கைப்பேசியிலும் படித்தேன். குந்தவை இரண்டிலும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்.

ஏன் இத்தனை காலம் படிக்கவில்லை என்று கேட்டால் பதில் உண்டு. கேட்டுவிட்டுச் சிரித்திருந்தால்கூட இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது. அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டுக்கு வந்த அச்சுத்தாள் தமிழ் முரசு நாளிதழ் ஒன்றுதான். அதுவும் பக்கத்து வீட்டுக்காரர் படித்து முடித்த பிறகு வரும். அக்கா உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். 1982-இல் அந்தப் பள்ளி மூடப்பட்டபோது அவர் படிப்பை முடித்து வெளியே வந்திருந்தார். நான் ஆங்கிலப் பள்ளியில் தமிழை இரண்டாம் மொழியாகப் படித்தவன். அக்கா தோழி ஒருவரிடமிருந்து பாகம் பாகமாக இரவல் வாங்கி, சமையலறை விளக்கின் கீழ் உட்கார்ந்து படிப்பார். “நந்தினி யாருக்கா?” என்று கேட்டால், “நீயே படிச்சுத் தெரிஞ்சுக்கோ” என்பார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் எனக்குக் கதையைச் சொல்லவே இல்லை. பிறகு தேசிய சேவை என்ற கட்டாயப் படைப்பணி, கப்பல் பட்டறையில் முறைவேலை, திருமணம், பிள்ளைகளின் துணைப்பாடம், வீட்டுக் கடன். இரவு வேலை முடிந்து காலையில் வீட்டுக்கு வருபவன், ஐந்து பாகங்களில் 293 அத்தியாயங்கள் உள்ள ஒரு நாவலைக் கையில் எடுக்க மாட்டான். தூங்குவான்.

சரி, தாமதமாகப் படித்ததால் எனக்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அந்தப் பெரியவருக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். பன்னிரண்டு வயதில் கதாநாயகன் வந்தியத்தேவனின் குதிரைக்குப் பின்னால் ஓடியிருப்போம். கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுக் கூட்டத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுக் கேட்டிருப்போம். பெரிய பழுவேட்டரையர்? அவர் ஒரு கிழவர்; இளம்பெண்ணை மணந்துகொண்டு ஊர் சிரிக்கும்படி ஆனவர்; அவ்வளவுதான். எனக்கோ முதல் பாகத்திலிருந்தே கண்ணை அவரிடமிருந்து எடுக்க முடியவில்லை. உடம்பில் அறுபத்து நான்கு விழுப்புண்கள் சுமந்த மனிதர். சோழ நாட்டின் தனாதிகாரி. அவருடைய முதுகுக்குப் பின்னால் சிற்றரசர்கள் முதல் வழிப்போக்கர்கள் வரை கேலி பேசுகிறார்கள். அவருக்கும் அது தெரியும். தெரிந்தும் அந்த இளம் மனைவி நந்தினி முகம் சுளித்தால் குழைந்து போகிறார். கொள்ளிடத்தில் புயலில் சிக்கி, வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு, கரையோரத் துர்க்கை கோயிலில் ஒதுங்கிக் கிடக்கும் இடம் வருகிறதே, அதைத் தொடர்ந்துதான் சதிகாரர்களின் பேச்சு அவர் காதில் விழுகிறது. தம் வீட்டுக்குள்ளேயே யாரை வைத்திருந்தோம் என்பது, கிழிந்த உடையும் நனைந்த உடம்புமாக இருக்கும்போது அவருக்குத் தெரிகிறது. அந்தப் பக்கங்களைப் படித்த அன்று நான் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன். வயதைச் சொல்லி ஒரு மனிதரைப் பார்த்துச் சிரிப்பது எப்படிப்பட்டது என்பது அந்த நாவலுக்குள்ளேயே இருக்கிறது. அரைக்கால் சட்டை வயதில் வேகமாகப் படித்தவர்களுக்கு அது கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

சுந்தர சோழரையும் அப்படித்தான் புரிந்துகொண்டேன். கால் நடக்க முடியாமல் படுக்கையில் கிடக்கும் சக்கரவர்த்தி, இளமையில் தீவில் கைவிட்டு வந்த பெண் இறந்துவிட்டாள் என்று நம்பிக்கொண்டு, நள்ளிரவில் அவளுடைய ஆவி வருவதாக நடுங்குகிறார். மகள் குந்தவையைப் பக்கத்தில் உட்கார வைத்து, எந்தத் தகப்பனும் மகளிடம் சொல்லத் தயங்கும் கதையைச் சொல்கிறார். எனக்கும் மகள் இருக்கிறாள். அந்தக் காட்சியைப் படிக்கும்போது குந்தவையின் பக்கம் நின்று கேட்பதா, சக்கரவர்த்தியின் பக்கம் படுத்துச் சொல்வதா என்று தெரியாமல் திணறினேன். இதைப் பன்னிரண்டு வயதில் உணர்ந்தவர் யாரேனும் இருந்தால் அவரை நான் வணங்குகிறேன்.

இந்த இடத்தில் ஒரு சிறுவிஷயம். நான்காம் பாகத்தில் இருந்தபோது, பட்டறைக் கேண்டீனில் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கோப்பி வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது, புதிதாக எங்கள் பிரிவுக்கு வந்திருந்த ஊழியத் தம்பி ஒருவர், கையைத் துணியில் துடைத்துவிட்டு, அட்டையைத் தொடாமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். “இதுல எங்க ஊரு ஏரி வருமாமே, அண்ணே?” என்றார். எந்த ஊர் என்று கேட்டேன். காட்டுமன்னார்கோவிலாம். முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் ஆடிப் பெருக்கன்று குதிரையில் வரும் வீரநாராயண ஏரி, இன்றைய வீராணம், அவர் ஊரில்தான் இருக்கிறது. எழுபத்து நான்கு கணவாய்களில் தண்ணீர் பாயும் அந்த வர்ணனையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். “இப்ப அந்தத் தண்ணி குழாய்ல மெட்ராசுக்கும் போகுதுண்ணே” என்றார். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையில் தொடர்புடையவர்களின் நிலங்களைப் பறிமுதல் செய்தது பற்றிய இராசராசன் காலத்துக் கல்வெட்டு அதே ஊர் உடையார்குடிக் கோயிலில் இருக்கிறது. அதில் ரவிதாசன் என்ற பெயரும் இருக்கிறது. நாவலின் சதிகாரனுக்கு அந்தப் பெயரைக் கல்கி அங்கிருந்துதான் கொண்டுவந்தார் என்றேன். தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். அந்தக் கோயில் பிராகாரத்தில்தான் சின்ன வயதில் ஓடிப்பிடித்து விளையாடினாராம். அவர் இன்னும் நாவலைப் படிக்கவில்லை. அன்றைய சந்திப்பில் அவரும் உட்கார்ந்திருந்தால் அவரையும் பார்த்துச் சிரித்திருப்பீர்களா? ஏரிக்கரையில் பிறந்தவரைப் பார்த்து?

“பொன்னியின் செல்வன் வெறும் ஜனரஞ்சக நாவல்தானே, அதற்குப் போய் இவ்வளவு பேசுகிறீர்களே” என்று சொல்லும் தீவிர இலக்கியவாதிகளுக்கு என்னிடம் நீண்ட பதில் இல்லை. அவர்களுக்கு நான் தாமதமாகப் படித்ததும் குற்றம், படித்ததும் குற்றம். அவர்களோடு வாதாட எனக்கு இன்னொரு பணி ஓய்வு தேவைப்படும்.

நான் பதில் சொல்ல விரும்புவது, “விளையாட்டுக்குச் சொன்னதை ஏன் மனத்தில் வைத்துக்கொள்கிறீர்கள்?” என்று கேட்கும் நல்லவர்களுக்கு. விளையாட்டு என்றால் இருவரும் ஆட வேண்டும். ஒலிவாங்கி ஒருவர் கையிலும் அவமானம் இன்னொருவர் மடியிலும் இருப்பதற்கு வேறு பெயர் இருக்கிறது. இத்தனைக்கும் நான் பெருமை பேச எழுந்திருக்கவில்லை. “இந்த ஆண்டுதான் முதன்முறையாக முழுதாகப் படித்தேன், மிகவும் பிடித்திருந்தது” என்றேன். அதற்கு, “எந்தப் பாத்திரம் பிடித்தது?” என்று ஒரு கேள்வி போதுமே. அதைக் கேட்டிருந்தால் பழுவேட்டரையரைப் பற்றி மேலே எழுதியதை எல்லாம் அங்கேயே சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. வயதைத்தான் கேட்டார்கள்.

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், ஆனாலும் சொல்கிறேன். அதே பேச்சில் அந்தப் பெரியவர், “குந்தவையின் தம்பி ஆதித்த கரிகாலன்” என்றார், ஒருமுறை அன்று, இருமுறை. ஆதித்த கரிகாலன் குந்தவைக்கு அண்ணன். தம்பி அருள்மொழிவர்மன், நாவலின் பெயரே அவரைக் குறிப்பது. அரங்கில் ஒருவரும் திருத்தவில்லை. நானும் எழுந்து திருத்தவில்லை, காரணம் அவர் என்னைவிட மூத்தவர். அரைக்கால் சட்டை வயதில் படித்தது நாற்பது ஐம்பது ஆண்டுகளில் மங்கிப்போவது இயல்பு. அதற்காக நான் ஒலிவாங்கியைப் பிடுங்கி அரங்கத்தைச் சிரிக்க வைக்கவில்லை. இதுதான் எனக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு என்று எழுதினால் தற்பெருமை என்பீர்கள். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

உண்மையில் என் கோபம் எனக்காக மட்டும் அன்று. எனக்குப் பக்கத்து நாற்காலியில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்ததைப் பலர் கவனித்திருக்க மாட்டீர்கள். முதல் முறையாகத் தமிழ் நிகழ்ச்சி ஒன்றுக்கு வந்திருப்பதாகச் சொன்னார். மடியில் முதல் பாகம் இருந்தது. நூலக அட்டை அடையாளத்துக்காக ஏறக்குறைய நடுப்பகுதியில் செருகப்பட்டிருந்தது. வீட்டில் ஆங்கிலம்தான் பேசுவார்களாம். ஒவ்வொரு பக்கத்திலும் தெரியாத சொற்களைப் பென்சிலால் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். எனக்குப் பிறகு பேசுவதற்குக் கை தூக்கியிருந்தார். அரங்கம் சிரித்ததும் கையை இறக்கினார்; புத்தகத்தைப் பைக்குள் வைத்தார்; தேநீர் இடைவேளைக்குப் பிறகு அந்த நாற்காலி காலியாக இருந்தது. ஒவ்வோர் ஏப்ரலிலும் தமிழ்மொழி விழா கொண்டாடுகிறோம். இளையர்கள் வருவதில்லை, படிப்பதில்லை, பேசுவதில்லை என்று மேடைக்கு மேடை அழுகிறோம். வந்தவர் ஒருவர், அவரையும் எழுந்து போக வைத்தோம். அதிகாரத்துவ மொழிகள் நான்கில் ஒன்றாகத் தமிழ் இருப்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் நாம், அதைப் படிக்க வருபவரிடம் “இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய்?” என்று கேட்கிறோம். நாங்கள் இங்கேதான் இருந்தோம், ஐயா. வேலைக்குப் போனோம். ஆங்கிலத்தில் தேர்வு எழுதினோம், தமிழில் பிள்ளைகளைத் தாலாட்டினோம். புத்தகத்தை எடுக்கக் கை ஒழியவில்லை. ஒழிந்தபோது எடுத்தோம்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், உள்ளூரில் பிறந்தவர் என்று நான் பிரித்துப் பேசுவதாகச் சிலர் கிளப்பிவிடக்கூடும். சிரித்தவர்களில் இரு தரப்பினரும் இருந்தார்கள். என் நெருங்கிய நண்பர்கள் இருவரும் இருந்தார்கள். அவர்கள் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

கல்கி தொடரை முடித்தபோது, முடிவு போதவில்லை என்று வாசகர்கள் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். அவர் யாரையும் பார்த்து “இதுகூடத் தெரியாதா?” என்று கேட்கவில்லை. முடிவுரை ஒன்று எழுதி, பாத்திரங்கள் பிற்காலத்தில் என்ன ஆனார்கள் என்று பொறுமையாகப் பதில் சொன்னார். நம் சந்திப்புகளை நடத்துபவர்கள் அந்த முடிவுரையை மட்டுமாவது ஒருமுறை எடுத்துப் படிக்கலாம். பக்கங்கள் குறைவுதான்.

அடுத்த மாதச் சந்திப்புக்கும் வருவேன். அந்தப் பெண்ணின் தொடர்பு எண் ஏற்பாட்டாளர்களிடம் பதிவுப் படிவத்தில் இருக்கும். அவரை அழைத்துப் பேசுங்கள், முதல் ஆளாகப் பேச வாய்ப்புக் கொடுங்கள். நான் இப்போது கல்கியின் இன்னொரு நாவலான சிவகாமியின் சபதத்தைத் தொடங்கியிருக்கிறேன். விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில் இரண்டாம் பாகத்தை யாரோ இரவல் வாங்கிப் போயிருக்கிறார்கள். அது உங்களில் ஒருவராக இருந்தால் அவசரமில்லாமல் படித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன்.