சூரை மீனும் மார்ச் ஒன்றும்

நேற்று ஞாயிறு, மார்ச் 1. காசிமேட்டில் வழக்கமான கூட்டம். வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டு அப்படியே நகர்ந்து போகிறவர்கள், நண்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர்கள், படகோடு செல்ஃபி எடுக்கிறவர்கள். அத்தையின் கூடையில் சூரை கிடந்தது. சும்மா இருக்க முடியாமல், "இன்னிக்கு இன்னா நாள் தெரியுமா அத்த?" என்று கேட்டேன். "ஞாயித்துக்கெழம. யாவார நேரத்துல நடுவுல நிக்காத, ஓரமாப் போடா" என்றார்.

பசிபிக் கடலில் இருக்கும் மார்ஷல் தீவுகளில் மார்ச் 1 அரசு விடுமுறை. அணுகுண்டுச் சோதனைகளில் பாதிக்கப்பட்டவர்களை நினைக்கும் நாள். நமக்கு ஆகஸ்ட் 6 தெரியும், ஹிரோஷிமா பாடப்புத்தகத்திலேயே வந்துவிட்டது. போரில் போட்டவை இரண்டு குண்டுகள். போரே இல்லாமல் 'சோதனை' என்று வெடித்தவை இரண்டாயிரத்துக்கும் மேல். அந்தக் குண்டுகளுக்குக் கீழே குடியிருந்தவர்களுக்கு நம் நினைவில் ஒரு நாள்கூடக் கிடையாது. அந்த ஒரு நாளைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். காசிமேட்டிலிருந்து கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

1954 மார்ச் 1 விடியற்காலை. அந்த மார்ஷல் தீவுகளில் ஒன்றான பிகினி தீவுத்திட்டில் அமெரிக்கா 'காசில் பிராவோ' என்ற ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. ஏறக்குறைய 6 மெகாடன் என்று கணக்குப் போட்டிருந்தார்கள், 15 மெகாடன் வந்தது. குண்டுக்குள் இருந்த லித்தியத்தில் ஒரு வகை சும்மா கிடக்கும் என்று நினைத்திருந்தார்கள். அதுவும் சேர்ந்துகொண்டது. ஹிரோஷிமா குண்டைப் போல ஆயிரம் மடங்கு. பவளப்பாறை பொடிப்பொடியாகி வானத்துக்குப் போய், சில மணி நேரத்தில் சுமார் 150 கி.மீ. தள்ளியிருந்த ரோங்கலாப் தீவில் வெள்ளைச் சாம்பலாக இறங்கியது. பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். குடிக்கிற தண்ணீரிலும் சாப்பாட்டிலும் விழுந்தது. ராத்திரிக்குள் வாந்தி, உடம்பெல்லாம் எரிச்சல். அப்புறம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. கப்பல் வந்து ஏற்றிக்கொண்டு போக இரண்டு நாள் ஆயிற்று.

1957-இல் "இனிமேல் ஊருக்குப் போகலாம்" என்று திருப்பி அனுப்பினார்கள். போனார்கள். வருஷங்கள் போகப் போகப் பிள்ளைகளின் கழுத்தில் தைராய்டு கட்டி. கடைசியில் 1985-இல் அவர்களே முடிவெடுத்து, கிரீன்பீஸ் கப்பலில் வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊரைக் காலி செய்தார்கள். பிகினிக்காரர்களின் கதை இன்னும் பழையது. 1946-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்த கையோடு ஓர் அமெரிக்க அதிகாரி வந்து, மனிதகுல நன்மைக்காகக் கொஞ்ச காலம் ஊரை விட்டுத் தரச் சொன்னார். அந்தக் கொஞ்ச காலம் இன்னும் முடியவில்லை.

சரி, காசிமேட்டுக்கு வருகிறேன். அன்று அந்தக் கடலில் ஒரு ஜப்பான் படகு சூரை பிடித்துக்கொண்டிருந்தது. நம் விசைப்படகுகள் தங்கல் போவது மாதிரிதான், ஆனால் வாரக்கணக்கில். படகின் பெயர் 'அதிர்ஷ்ட டிராகன் 5'. (பேர் வைத்தவரை என்ன சொல்ல.) ஆட்கள் 23 பேர். அமெரிக்கா அறிவித்த ஆபத்து எல்லைக்கு வெளியேதான் நின்றார்கள். கிழக்கு வெளுக்கும் முன் மேற்கே விடிந்தது. தூண்டில் கயிறை இழுத்து முடிக்கும்வரை தலையிலும் தோளிலும் சாம்பல் கொட்டியது. என்னவென்று தெரியாமல் ஒருவர் நாக்கில் வைத்தும் பார்த்திருக்கிறார். இரண்டு வாரம் கழித்துக் கரை சேர்ந்தபோது எல்லாருக்கும் உடம்பு கெட்டிருந்தது. வயர்லெஸ் பார்த்த குபோயாமா ஐகிச்சி அந்த வருஷம் செப்டம்பர் 23 அன்று இறந்தார். வயது 40.

மிச்சம் இருந்தவர்களை ஊர் ஒதுக்கியது. பெண் கொடுக்கப் பயந்தார்கள். ஜப்பான் முழுக்க மீன் விலை விழுந்தது. கதிர்வீச்சு ஏறிய சூரையை டன் கணக்கில் கொட்டினார்கள், டோக்கியோ சந்தையிலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள்.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு 2023 டிசம்பர்தான் வந்தது. புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவிய அந்த நாட்கள். படகும் வலையும் கறுத்துக் கிடக்க, ஆட்கள் கையால் எண்ணெயை வாளியில் அள்ளினார்கள். காசிமேட்டில் அத்தையிடம் யாரும் மீன் வாங்கவில்லை. "நான் இன்னா எண்ணூர்லயா புடிச்சேன்? இது ஆழ்கடல் மீனுடா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பார்த்தார். அனல்மின் சாம்பலில் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள், மொட்டை மாடியில் காயும் துணியை உதறிவிட்டுத்தான் மடிப்போம். அதுவும் ரோங்கலாப் சாம்பலும் ஒன்று என்று சொன்னால் அது பொய். அங்கே விழுந்தது கதிரியக்கம், தலைமுறை தாண்டுகிற கவலை. ஆனால் மேலேயிருந்து என்ன விழுகிறது என்று கீழே இருப்பவனுக்குச் சொல்லாமல் விடுவது இருக்கிறதே, அது எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

தமிழில் 'சோதனை' என்றால் இரண்டு அர்த்தம். ஆய்வுக்கூடத்தில் செய்வதும் சோதனை, "என்ன சோதனைடா சாமி" என்று தலையில் கைவைப்பதும் சோதனை. குண்டு வெடித்தவனுக்கு முதல் அர்த்தம், ரோங்கலாப்காரிக்கு இரண்டாவது. கஜகஸ்தானில் செமிபலாட்டின்ஸ்க் பக்கத்து மேய்ச்சல்காரர்களுக்கு சோவியத் ஒன்றியம் கொடுத்தது 456 சோதனை. அந்தத் திடல் மூடப்பட்ட ஆகஸ்ட் 29-ஐத்தான் ஐ.நா. அணுச் சோதனை எதிர்ப்பு நாளாக வைத்திருக்கிறது.

பிராவோ வெடித்த மறுமாதமே, 1954 ஏப்ரல் 2 அன்று, சோதனைகளை நிறுத்திவைக்கச் சொல்லி நாடாளுமன்றத்தில் பேசியவர் நேரு. அந்தப் பெருமையை நாம் சொல்லிக்கொள்ளலாம். கூடவே, 1998 பொக்ரான் வெடிப்பு நடந்த மே 11-ஐத் தொழில்நுட்ப தினமாகக் கொண்டாடுவதும் நாம்தான். பக்கத்துக் கிராமமான கேத்தோலாயில் சுவர் விரிந்த கதையையும், ஊரில் புற்றுநோய் கூடிவிட்டது என்று அவர்கள் சொல்லிவருவதையும் அன்றைக்கு யாரும் கேட்பதில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ வேண்டும் என்று எழுதிவைத்த அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் 2021-இல் அமலுக்கு வந்துவிட்டது. குண்டு வைத்திருக்கும் நாடு எதுவும் அதில் இல்லை, நம்முடையதும் சேர்த்து.

நினைவு வைப்பது இந்த ஊருக்குத் தெரியாததல்ல. 1914-இல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் ஒரு ராத்திரி கொஞ்ச நேரம் சுட்டதற்கு உயர்நீதிமன்றச் சுவரில் கல்வெட்டு இருக்கிறது, பேச்சிலும் 'எம்டன்' ஒட்டிக்கொண்டது. எனக்கு மெழுகுவத்தி ஏற்றுவதில் நம்பிக்கை கிடையாது. அடுத்த மார்ச் 1-க்கு ஏலம் தொடங்கும் முன் ரோங்கலாப், பிகினி, கேத்தோலாய் என்று ஊர்ப் பெயர்களை ஒலிபெருக்கியில் ஒரு தடவை வாசித்தால் போதும்.

மத்தியானம் கூடை காலியான பிறகு அத்தையிடம் முழுக்கதையும் சொன்னேன். அந்தப் படகில் இருந்த ஒருவர் முயன்று, புதைத்த சூரைகளுக்காக ஒரு நினைவுக்கல் செய்துவைத்திருக்கிறார் என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

"மீனுக்குக் கல்லு வெச்சாங்க சரி. செத்த ஆளு பொண்டாட்டிக்கு இன்னா குடுத்தாங்க?"

1955-இல் அமெரிக்கா ஜப்பானுக்கு 20 லட்சம் டாலர் கொடுத்தது, பொறுப்பு எங்களுடையது என்று ஒப்புக்கொள்ளாமல், கருணைத் தொகையாக, என்றேன்.

"ஓ, நிவாரணம்" என்று சொல்லிவிட்டு, கூடையைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினார்.