டாங்கியும் கட்டட்டும், லான்ட்மாஸ்ரரும் கட்டட்டும்

எங்கட பக்கத்துப் பெடியள் கேமில டாங்கி கட்டுறாங்கள் எண்டு முகத்தைச் சுழிக்கிற ஆக்களுக்கு கொஞ்சம் விளக்கமா எழுதோணும் எண்டு கன நாளா நினைச்சுக்கொண்டு இருக்கிறன். போன கிழமை கராச்சுக்கு வந்த ஒரு அண்ணை, நல்ல மனிசன், என்ர மருமகன் கொம்பியூட்டரில கட்டி வைச்சிருந்ததைப் பாத்திட்டு "நாங்கள் பட்டது காணாதோ, இனி இதையும் பிள்ளையளுக்குப் பழக்கப் போறியளோ" எண்டு கேட்டார். அவர் அப்பிடிக் கேக்கிறதுக்கு அவருக்கு உரிமை இருக்கு. 2009 இல அவருக்கு என்ன நடந்தது எண்டு ஊருக்கே தெரியும். ஆனா அதுக்கு நிண்ட நிலையில ரண்டு வசனத்தில பதில் சொல்லேலாது, அதான் இங்க எழுதுறன்.

முதல் விசயம், சுடுற கேம் வேற, கட்டுற கேம் வேற. இவன் விளையாடுறது ஸ்க்ராப் மெக்கானிக். சுவீடன் கொம்பனி ஒண்டு செய்தது, 2016 இல விக்கத் தொடங்கினவங்கள். பிளாக், சில்லு, பெயாரிங், எஞ்சின், சஸ்பென்சன், பிஸ்ரன் எல்லாம் அள்ளித் தருவாங்கள், அதை வைச்சு என்ன கட்டுறது எண்டது உன்ர மூளை. அந்தக் கேமில வாகனத்துக்குப் பூட்டக்கூடின துவக்கு உருளைக்கிழங்கைத்தான் சுடும். அதைக்கூட இவன் பூட்டேல்ல, அவனுக்கு அது தேவையும் இல்லை, அவன்ர கவனம் முழுக்க சில்லிலயும் எஞ்சினிலயும்தான்.

முதல் கட்டினது டி-34, இரண்டாம் உலகப்போர் காலத்து சோவியத் டாங்கி. அகலம் 3 மீட்டர், பீரங்கிக் குழலை விட்டிட்டு உடம்பு மட்டும் 5.92 மீட்டர் நீளம், எடை 26 தொன்னுக்கு மேல, பின்னுக்கு 500 குதிரைவலு டீசல் எஞ்சின். கேமில ஒரு பிளாக் எண்டால் 25 சென்ரிமீட்டர். அப்ப அகலத்துக்கு 12 பிளாக், நீளத்துக்கு 24 பிளாக்கை விடக் கொஞ்சம் குறைய. விகிதக் கணக்கை ரியூசனில சொல்லிக் குடுக்கேக்க யன்னலுக்கு வெளியால பாத்துக்கொண்டிருந்த பெடியன், இப்ப கொப்பியில கோடு போட்டு, மீட்டரை பிளாக்காக்கி, மிச்சம் வாற தசமத்தை எந்தப் பக்கத்தில குறைக்கிறது எண்டு என்னோட சண்டை பிடிக்கிறான்.

அதில உள்ள வேலையைக் கிட்ட இருந்து பாத்தாத்தான் விளங்கும். கேமில செய்து வைச்ச செயின் எண்டு ஒண்டும் இல்லை. அதால அடியில சின்னச் சில்லுகளை வரிசையா ஒளிச்சுப் பூட்டிப்போட்டு வெளியால செயின் மாதிரி பிளாக்கால மூடோணும், மூடினது நிலத்தில தட்டுப்படவும் கூடாது, உள்ளுக்கு இருக்கிற சில்லு தெரியவும் கூடாது. மேல சுழலுற தலையைக் கனமான பிளாக்கால கட்டினா பிறேக் பிடிச்ச உடன முழு டாங்கியும் மூக்குக் குத்தும், மெல்லிய சாமானுக்கு மாத்தினா நிக்கும், ஆனா நிறம் ஒத்து வராது, திரும்பப் பெயின்ற் அடிக்கோணும். இப்பிடி ஒவ்வொண்டாக் கழட்டிப் பூட்டிக் கழட்டிப் பூட்டித்தான் பாரம் எங்க இருக்கோணும் எண்டு அவனுக்குப் பிடிபட்டது. கராச்சில எனக்கு அது பிடிபட வருசக்கணக்கு எடுத்தது.

பிறகு டி-55. எங்கட மண்ணில ஓடினது அது. 36 தொன், 100 மில்லிமீட்டர் பீரங்கி. டி-34 மாதிரி அதுக்கும் பக்கத்துக்கு ஐஞ்சு பெரிய சில்லுதான், ஆனா முதலாவது சில்லுக்கும் ரண்டாவது சில்லுக்கும் இடையில ஒரு இடைவெளி விட்டிருக்கும். அந்த இடைவெளி இல்லாட்டி அது டி-55 இல்லை. டி-62 எண்டால் இடைவெளி பின்பக்கத்துச் சில்லுகளுக்கு இடையில வரும். இதை ஆரும் அவனுக்குச் சொல்லிக் குடுக்கேல்ல, படங்களை அருகருகா வைச்சுப் பாத்துத் தானே கண்டுபிடிச்சான். ஒரு சாமானை இவ்வளவு உத்துப் பாக்கப் பழகிற பிள்ளையைப் பாத்து சண்டை விருப்பம் வந்திட்டுது எண்டு சொல்லுறது எனக்கு நியாயமாப் படேல்ல.

இதில எனக்கு நல்லாப் பிடிச்ச கட்டம் ஒண்டு இருக்கு. டாங்கிக்கு ஸ்ரேரிங் வளையம் இல்லை, அப்ப என்னண்டு திரும்பும் எண்டு அவன் மண்டையைப் போட்டு உடைச்சுக்கொண்டிருந்தான். பக்கத்தில சாய்மனைக் கதிரையில இருந்த என்ர அப்பா "எட தம்பி, லான்ட்மாஸ்ரர் என்னண்டு திரும்புது?" எண்டு கேட்டார். அவ்வளவுதான். லான்ட்மாஸ்ரர், அதுதான் ஹான்டிலைப் பிடிச்சு ஓட்டுற ரண்டு சில்லு உழவு மெசின், அதை ஓடினவைக்குத் தெரியும், ரண்டு ஹான்டிலிலயும் ரண்டு கிளச் இருக்கு, வலதைப் பிடிச்சா வலது சில்லுக்குப் போற இழுவை அறும், இடது சில்லு தள்ளும், மெசின் வலப்பக்கம் திரும்பும். டி-34 இலயும் ஓட்டுறவனுக்கு முன்னால ரண்டு லீவர், ஒண்டை இழுத்தா அந்தப் பக்கத்துச் செயினின்ர கிளச் விடும், இன்னும் இழுத்தா பிறேக் பிடிக்கும். ரண்டும் ஒரே சங்கதி. அப்பா அதோட விடேல்ல. "குளக்கட்டால பாரத்தோட இறங்கேக்க மட்டும் கவனம் அப்பு, அங்க மாறி இழுக்கும்" எண்டார். உண்மைதான். பள்ளத்தில கொழுவின இழுவைப் பெட்டி பின்னால இருந்து தள்ளேக்க, எந்தப் பக்கத்துக் கிளச்சை விடுறியோ அந்தச் சில்லு கட்டில்லாமல் ஓடும், மற்றச் சில்லை எஞ்சின் பிடிச்சு வைச்சிருக்கும், அதால வலதைப் பிடிச்சா இடப்பக்கம் போகும். இது தெரியாமல் வாய்க்காலுக்குள்ள விட்ட ஆக்கள் எங்கட ஊரில கனபேர். பெடியன் அண்டைக்கே போய் இடப்பக்கச் சில்லுகளை ஒரு எஞ்சினுக்கும் வலப்பக்கச் சில்லுகளை இன்னொரு எஞ்சினுக்கும் தொடுத்தான், டாங்கி நிண்ட இடத்திலயே திரும்பிச்சுது.

இதைக் கேட்டா சிலபேருக்குப் புதினமா இருக்கும், செயின் எண்டது சண்டைக்காகக் கண்டுபிடிச்சதே இல்லை. அமெரிக்காவில கலிபோர்னியாவில ஸ்ரொக்டன் எண்ட இடத்தில பெஞ்சமின் ஹோல்ட் எண்டவர் உழவு மெசின் செய்து வித்தவர். அங்கத்தைய மண் சேத்து மண், நீராவி மெசின் தன்ர பாரத்துக்கே புதைஞ்சு போச்சுது, சில்லை எவ்வளவு அகலமாக்கியும் சரிவரேல்ல. 1904 நவம்பரில சில்லைக் கழட்டிப்போட்டு மரச்சட்டம் அடிச்ச செயினைப் பூட்டி ஓட்டிப் பாத்தார், புதையேல்ல. பிறகு முதலாம் உலகப்போரில பீரங்கி இழுக்க ஹோல்ட் மெசினுகளைக் கொண்டு போச்சினம், அதைப் பாத்துத்தான் பிரிட்டிஸ்காரருக்கு டாங்கி யோசினை ஓடினது. 1915 இல அவங்கட முதல் மாதிரியைச் செய்ததும் லிங்கனில இருந்த ஒரு கமத்தொழில் மெசின் கொம்பனி, வில்லியம் பொஸ்டர், சூடடிக்கிற மெசின் செய்தவங்கள். 1916 செப்ரெம்பர் 15 ஆம் திகதி பிரான்சில நடந்த சொம் சண்டையில டாங்கி முதல்முதலா இறங்கினது. வயலுக்கு எண்டு வந்ததைத்தான் சண்டைக்குக் கொண்டு போனவங்கள். இப்ப கிளிநொச்சிப் பக்கம் அறுவடைக்கு வாற கொம்பைன் மெசினைப் பாருங்கோ, ரப்பர் செயினோட ஈர வயலுக்குள்ள புதையாமல் போகுது. மருமகன்ர வயசுப் பிள்ளையளுக்கு செயின் எண்டால் முதல் ஞாபகம் வாறது அந்த மெசின்தான், எங்களுக்கு வாற ஞாபகம் வேற. அவையளுக்கும் எங்கட ஞாபகம்தான் வரோணும் எண்டு நாங்கள் ஏன் நிக்கோணும்?

டாங்கி முடிய "இனி எங்கட லான்ட்மாஸ்ரரைக் கட்டு" எண்டு நான்தான் சொன்னன். வேர்க்‌ஷொப் பகுதியில, ஆக்கள் தாங்கள் கட்டினதை மற்றவைக்குப் போட்டு வைக்கிற இடத்தில, போய்ப் பாத்தா ஜேர்மன் டைகர் கிடக்கு, அமெரிக்கன் ஷெர்மன் கிடக்கு, உலகத்தில உள்ள டாங்கி எல்லாம் ஆரோ ஒருத்தன் கட்டிப் போட்டிருக்கிறான். பெட்டி பூட்டின லான்ட்மாஸ்ரர் நான் தேடின அளவில இல்லை. அதை அமெரிக்காக்காரனோ ரஷ்யாக்காரனோ வந்து கட்டப் போறதும் இல்லை.

டாங்கிக்கு இன்ரநெற்றில வரைபடம் கிடக்கு, இதுக்கு ரேப்பைத் தூக்கிக்கொண்டு முத்தத்துக்குப் போகத்தான் வேணும். பெட்டி எட்டடி நீளம், நாலரை அடி அகலம். பிளாக்குக்கு மாத்தினா நீளம் பத்து, அகலம் ஐஞ்சரை. அரை பிளாக் எண்டு கேமில ஒண்டு இல்லை. ஐஞ்சா ஆறா எண்டு முடிவெடுக்கிறதுக்கு அவன் அப்பாட்டக் கேட்ட கேள்வி "அம்மப்பா, இதுக்குள்ள ஆகக் கூட எவ்வளவு ஏத்தினனீங்கள்?" அப்பா சொல்லத் தொடங்கினார், கதையாச் சொல்லேல்ல, பாரம் ஏத்துற முறையாத்தான் சொன்னார். சண்டைக்கு இடம்பெயர்ந்து வட்டக்கச்சியால வெளிக்கிடேக்க முதல் கூரைத் தகரத்தை அடியில பரப்பினது, நெல்லு மூட்டையைச் சில்லுக்கு நேர மேல அடுக்கினது, பின்னுக்குப் பாரம் கூடினா கொக்கி மேல எழும்பி ஹான்டிலைத் தூக்கிப் போடும், முன்னுக்குக் கூடினா கை இறந்துபோகும், அதால தையல் மெசினும் கிடாரமும் நடுவில, அதுக்கு மேல பாய், பாய்க்கு மேல ஆச்சியும் பிள்ளையளும். தருமபுரத்தில ஒருக்கா இறக்கினது, விசுவமடுவில திரும்ப ஏத்தேக்க தகரம் பாதியாக் குறைஞ்சிட்டுது, புதுக்குடியிருப்பால வெளிக்கிடேக்க நெல்லு இல்லை, பாரம் குறைஞ்சதால ஹான்டில் லேசா இருந்தது எண்டார். அப்பிடியே சொன்னார். பெடியன் எல்லாத்தையும் கொப்பியில எழுதினவன். பெட்டி அகலம் ஆறு பிளாக் எண்டு முடிவெடுத்தான், ஐஞ்சு வைச்சா மூட்டை ரண்டு வரிசை வராதாம்.

2009 க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு அந்த இடப்பெயர்வை எந்தப் பாடப்புத்தகம் இப்பிடி விளங்கப்படுத்தும்? டாங்கியில தொடங்கினபடியாத்தான் இவன் இதுக்கு வந்தவன். டாங்கியைக் கட்டாதை எண்டு அண்டைக்கே கையைப் பிடிச்சிருந்தா அவன் கேமை மூடிப்போட்டு ஃபோனில வேற ஏதும் பாத்துக்கொண்டிருந்திருப்பான், ரேப்பைக் கையில எடுத்திருக்க மாட்டான்.

ஒண்டை ஒத்துக்கொள்ளத்தான் வேணும், எல்லாராலயும் இதைப் பாக்கேலாது. என்ர தங்கச்சி, இவன்ர தாய், டி-55 திரையில ஓடேக்க எழும்பி அடுப்படிக்குப் போயிட்டாள். அந்தச் சத்தம் அவளுக்குச் சரிவராது. அவளுக்கு நான் விளக்கம் சொல்லப் போகேல்ல, சொல்லவும் கூடாது. இப்ப பெடியன் ஹெட்செற் போட்டுத்தான் ஓட்டுறான், தாய் நிக்கேக்க லான்ட்மாஸ்ரர்தான் திரையில நிக்கும். மற்ற வீடுகளிலயும் இப்பிடிக் கவனமா இருங்கோ எண்டுதான் கேக்கிறன், தடுக்காதேங்கோ.

ஆனையிறவால போய் வாற ஆக்கள் ஏ9 ஓரத்தில நிக்கிற அந்தக் கவச டோசரைப் பாத்திருப்பியள், 1991 யூலைச் சண்டையில ஆமி முகாமுக்கு எதிராப் புலியள் கொண்டு போனது. அது இப்ப அந்த இடத்தில, அதை மறிச்சுச் செத்த ஆமிக்காரன் காமினி குலரத்னவின்ர நினைவுக்கு நிக்குது எண்டும் எல்லாருக்கும் தெரியும். மண் தள்ளுற மெசினுக்கு மேல இரும்புத் தகடு அடிச்சு அதைச் செய்தது இங்கத்தைய கராச் வேலையள் தெரிஞ்ச கையள்தான். பஸ்ஸால இறங்கி அதைப் பாக்கிற எங்கட பிள்ளைக்கு எஞ்சின் எங்க, பாரம் எங்க விழும், ஓட்டினவனுக்கு வெளிய என்ன தெரிஞ்சிருக்கும் எண்டு கேக்கத் தெரியோணும். அந்தக் கேள்வியளுக்கு வாற மறுமொழியில சண்டையில ஒரு பவுசும் இல்லை எண்டது தானா விளங்கும். தகட்டுக்குள்ள இருக்கிறவனுக்கு ஒரு கீறல் அளவுக்குத்தான் வெளி உலகம் தெரியும் எண்டதை, தான் கட்டின டாங்கிக்குள்ள இருந்து பாத்தபிறகு மருமகனே வந்து எனக்குச் சொன்னவன்.

கொம்பியூட்டர் இல்லாத பிள்ளையளுக்கும் வழி இருக்கு. சிம்பிள் பிளேன்ஸ் எண்டொரு கேம் ஃபோனிலயே ஓடும், பெயர் பிளேன் எண்டாலும் அதில லொறியும் காரும் கட்டலாம். மைன்கிராஃப்ட்டில ஓடாட்டிலும் உருவத்தையாவது கட்டலாம்.

ஆனா கெதியாச் செய்யோணும். கட்டுறதுக்குப் பாத்து அளக்க வேண்டிய வாகனங்கள் மாதாமாதம் குறையுது. இரும்பு எடுக்கிறவங்கள் ஒழுங்கையள் எல்லாம் வாறாங்கள், கிலோ கணக்கில காசு குடுத்துப் பழசெல்லாத்தையும் ஏத்திக்கொண்டு போறாங்கள், வித்த ஆக்களையும் பிழை சொல்லேலாது. எம்டி 90 மோட்டச்சைக்கிள் இண்டைக்கும் ஓடுது, அது பரவாயில்லை. தொண்ணூறுகளில எங்கட பக்கத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலத்தில மண்ணெண்ணையில ஓடின ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும்தான் எனக்குக் கவலை. பெற்றோல் தங்கத்துக்குச் சமனா இருந்த அந்த நாளில சின்னப் போத்தலில கொஞ்சம் பெற்றோல் வைச்சு அதில ஸ்ராட் பண்ணி, எஞ்சின் நல்லாச் சூடானபிறகு குழாயைத் திருப்பி மண்ணெண்ணைக்கு மாத்துவினம், ஏனெண்டால் குளிர்ந்த எஞ்சினில மண்ணெண்ணை ஆவியாகாது. கொம்பிரசன் குறைஞ்ச பழைய எஞ்சின் எண்டபடியா அது தாங்கிச்சுது, இப்பத்தைய காரில அதைச் செய்தா தட்டித் தட்டியே எஞ்சின் போயிடும். இந்த வேலையைக் கண்டுபிடிச்ச மெக்கானிக்மார் கனபேர் இப்ப இல்லை, இருக்கிற ஆக்களுக்கும் வயசு போட்டுது. கேமில அந்தக் காரைக் கட்டி, போத்தல் எங்க, குழாய் எங்க, ரப் எங்க எண்டு அந்தந்த இடத்தில பூட்டி வைச்சா உலகத்தில எந்தப் பிள்ளையும் டவுன்லோட் பண்ணி உள்ளுக்குப் பாக்கலாம்.

மருமகன் அடுத்ததாக் கட்டப் போறது அந்த ஒஸ்ரின் ஏ40. பிறகு 2011 இல பாலம் திறக்கிறதுக்கு முந்தின காலத்துச் சங்குப்பிட்டிப் பாதை, அதுதான் ஆக்களையும் வாகனத்தையும் அக்கரைக்கு ஏத்தி இறக்கின மிதவை, அது மிதக்கோணும், அதால கொஞ்சம் பொறுத்துத்தான். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், மல்லாவிப் பக்கம் ஆற்றயும் வளவில மண்ணெண்ணைக்கு மாத்தின பழைய கார் கிடந்தா, ஓடாட்டிலும் பரவாயில்லை, இரும்புக்குக் குடுக்க முதல் எனக்கு ஒரு மெசேச் போடுங்கோ, வந்து அளந்துபோட்டு ஒரு சாமானும் கழட்டாமல் போறம். வெளிநாட்டில இருக்கிற ஆக்களிட்ட அந்தக் காலத்துப் படம் இருந்தா அனுப்புங்கோ, பொனற் திறந்த படம் எண்டால் இன்னும் நல்லது. புதுசாப் படம் எடுக்கிற ஆக்கள் பக்கத்தில ஒரு அடிமட்டம் வைச்சு எடுங்கோ, அது இல்லாட்டி அளவு பிடிக்கேலாது.