உங்கள் பழைய பிளாகர் கணக்கை ஒருமுறை திறந்து பாருங்கள்

பிளாகர் என்ற இலவச வலைப்பூத் தளத்தில் 2007-இல் நான் எழுதிய ஒரு பதிவை நேற்று இரவு தேடினேன். அம்மா வைக்கும் சுண்டைக்காய் வற்றல் குழம்பு பற்றியது. தலைப்பில் பாதிதான் நினைவில் இருந்தது. தேடியதும் வந்துவிட்டது, கீழே பின்னூட்டங்களோடு. அந்தக் காலத்தில் வேறொரு இலவசத் தளத்திலும் கவிதைகள் எழுதினேன். அதை மூடிவிட்டார்கள். ஒரு வரிகூட மிஞ்சவில்லை.

சாதாரண ஆட்களுக்கு இணையம் கொடுத்தவற்றில் பிளாகருக்கு நிகராக எதையும் நான் சொல்ல மாட்டேன். காசில்லாமல் ஒரு முகவரி. எழுதிய ஒவ்வொன்றுக்கும் மாறாத தனிச் சுட்டி. பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் வார்ப்புருவில் நாமே கைவைத்து வீட்டுக்கு வண்ணம் பூசுவதுபோல் மாற்றிக்கொள்ளும் உரிமை. இணையப் பக்கங்களை உருவாக்கும் ஹெச்டிஎம்எல் மொழியை நான் கற்றுக்கொண்டதே அந்த வார்ப்புருவைக் கெடுத்துக் கெடுத்துத்தான்.

அது பிறந்த கதையும் எனக்குப் பிடிக்கும். சான் பிரான்சிஸ்கோவில் இவான் வில்லியம்ஸும் மெக் ஹூரிஹனும் தொடங்கிய பைரா லேப்ஸ் நிறுவனம் செய்ய நினைத்தது அலுவலக வேலைகளை நிர்வகிக்கும் மென்பொருளைத்தான். தங்கள் குறிப்புகளைச் சட்டென்று தளத்தில் ஏற்றுவதற்காக வைத்திருந்த கருவியை 1999 ஆகஸ்டில் பிளாகர் என்று வெளியே விட்டார்கள். 2001 தொடக்கத்தில் கையில் பணம் இல்லை. சர்வர் வாங்கப் பயனர்களிடமே நன்கொடை கேட்டார்கள், அவர்களும் கொடுத்தார்கள். ஆனாலும் சம்பளத்துக்கு வழியில்லை. எல்லோரும் விலகிப் போக, வில்லியம்ஸ் ஏறக்குறைய தனி ஆளாக அதை ஓட்டினார். அன்று அவர் இழுத்து மூடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. 2003 பிப்ரவரியில் கூகுள் வாங்கியது. 2004-இல்தான் பின்னூட்டப் பெட்டி பிளாகருக்குள்ளேயே வந்தது.

தமிழில் நாம் எழுத வந்ததும் ஏறத்தாழ அப்போதுதான். திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் எழுதினால் படிப்பவர் கணினியிலும் அதற்கான எழுத்துரு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிறுக்கல்தான். எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கமும், தமிழில் தட்டச்சு செய்ய உதவும் இ-கலப்பை மென்பொருளும் பரவிய பிறகு அந்தத் தொல்லை குறைந்தது. பலருடைய புதுப் பதிவுகளை ஓரிடத்தில் காட்டிய தமிழ்மணம் திரட்டியில் காலையில் ஒரு நடை போய்வந்தால் சிங்கப்பூர், கனடா, யாழ்ப்பாணம், மதுரை என்று எல்லா ஊர் ஆட்களும் எழுதியிருப்பார்கள். வலைப்பூ, பதிவர், பின்னூட்டம் என்ற சொற்களெல்லாம் அந்தப் புழக்கத்தில் ஊன்றியவை.

சரி, இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் நுழையாத கணக்குகளை நீக்கலாம் என்பது 2023-இல் கூகுள் அறிவித்த விதி. அதனால் இன்றே ஒருமுறை உள்ளே போங்கள். அமைப்புகள் பகுதியில் உள்ளடக்கத்தைக் காப்பெடுக்கும் வசதி உண்டு. பதிவுகளையும் பின்னூட்டங்களையும் அதில் இறக்கிக்கொள்ளலாம்.  படங்களைத் தனியாக எடுத்து வையுங்கள்.

என் நண்பர் ஒருவர் தன் ஊரின் ஏரி, கோயில், பழைய நெல் வகைகள் பற்றி ஆண்டுக்கணக்கில் எழுதினார். இப்போது அவர் இல்லை. கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. அவர் மகளும் நானும் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து சேமித்து வருகிறோம். நேற்றோடு 140 பதிவுகள் ஆகியிருக்கின்றன. 2009-க்கு முந்தையவை இன்னும் பாக்கி.