மின் நிலையத் திறப்பு விழாவுக்கு நாள் குறிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்

வெளிநாட்டு ஒத்துழைப்போடு கட்டிய மின் நிலையம் என்றால் பந்தல், கல்வெட்டு, இரண்டு நாட்டுக் கொடி எல்லாம் இருக்கும். இருக்கட்டும். ஆனால் விழாத் தேதியை முதலில் குறித்துவிட்டு, வேலையை அதற்குள் முடிக்கச் சொல்வதை டெல்டாக்காரர்கள் நாம் ஒத்துக்கொள்ளவே கூடாது. அந்த அவசரத்தில் முதலில் அடிவாங்குவது ஸ்டீம் ப்ளோ, அதாவது நீராவியை அடித்துக் குழாய்களைச் சுத்தம் செய்யும் வேலை.

நம் பக்கம் கோவில்களப்பால், குத்தாலத்தில் இருப்பது போன்ற எரிவாயு நிலையங்களில் இரண்டு டர்பைன் உண்டு. வாயுவை எரித்துச் சுழல்வது ஒன்று. அதிலிருந்து 500 டிகிரிக்கு மேல் சூடாக வெளியேறும் புகையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியில் சுழல்வது இன்னொன்று. மொத்த மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த இரண்டாவதில் கிடைக்கிறது, கூடுதலாக வாயு செலவழிக்காமல். 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துக்குப் பிறகு டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்ட வழியில்லை. சரியான சட்டம். ஆகவே இருக்கிற வாயுவில் ஒரு யூனிட்கூட வீணாகக் கூடாது. நீராவி டர்பைன் கெட்டால் அந்த மூன்றில் ஒரு பங்கு போச்சு.

அதைக் காப்பாற்றுவதுதான் ஸ்டீம் ப்ளோ. பாய்லருக்கும் டர்பைனுக்கும் நடுவே உள்ள குழாய்களைப் பற்றவைத்து முடிக்கும்போது உள்ளே வெல்டிங் கசடு, துரு, இரும்புச் செதில் எல்லாம் தங்கிவிடும். டர்பைனை இணைக்கும் முன், தற்காலிகக் குழாய் போட்டு நீராவியை வேகமாக வெளியே அடிப்பார்கள். சைலன்சர் வைத்தாலும் சுற்றுவட்டாரத்துக்கே கேட்கும். அடித்துவிட்டுக் குழாயை ஆறவிட்டு, மறுபடி அடிக்க வேண்டும். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வந்தால்தான் செதில் விரிசல் விட்டுக் கழன்று வரும். நீராவி போகும் வழியில் பளபளவென்று மெருகேற்றிய ஒரு தகடு இருக்கும். அதைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், முதல் தகட்டில் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாகத் தெரியும். அடுத்தடுத்த தகடுகளில் குழி குறைந்து, ஒப்பந்தத்தில் சொன்ன அளவுக்கு வந்தபிறகுதான் நிறுத்தலாம்.

ஆறவிடும் நேரத்தை வெட்டினால் என்ன ஆகும்? தகடு சுத்தமாகத்தான் தெரியும். செதில் குழாய்ச் சுவரிலேயே ஒட்டியிருக்கும். நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு கழன்று வந்து முதல் வரிசை பிளேடை அரிக்கும். அதற்குள் உத்தரவாதக் காலம் முடிந்தாலும் முடிந்துவிடும்.

கல்வெட்டில் பொறிக்கும் மெகாவாட்டையும் கொஞ்சம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாயு டர்பைனின் திறனைப் பொதுவாக 15 டிகிரி வெப்பத்துக்குத்தான் கணக்கிடுவார்கள். வெயில் ஏறினால் காற்றின் அடர்த்தி குறையும், உற்பத்தியும் இறங்கும். நம் ஊர்க் கத்திரி வெயிலில் பத்து சதவீதத்துக்கு மேலேயே குறையும். பம்புசெட்டுக்கு அதிகம் கரண்ட் தேவைப்படுவதும் அப்போதுதான்.

வாயு டர்பைன் உள்ளிழுக்கும் காற்றைச் சலிக்கும் வடிகட்டியும் (ஃபில்டர்) அப்படித்தான். வெளிநாட்டு டிசைனில் குறுவை அறுவடையைப் பற்றி யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். புரட்டாசி, ஐப்பசியில் அறுவடை மெஷின் கிளப்பும் வைக்கோல் தூசி ஃபில்டரில் படியும். அதன் மேலேயே மழை ஈரமும் ஏறும். காய்ந்த தூசியைக் காற்றடித்து உதறிவிடலாம். நனைந்தால் அது சேறு. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் ஏறி, அலாரம் அடித்து, லோடைக் குறைக்க வேண்டி வரும். மாற்று ஃபில்டர் ஒரு முழு செட் ஆவணியிலேயே ஸ்டோரில் இருக்க வேண்டும். நாகை பக்கம் என்றால் உப்புக்காற்றுக்கும் தனி ஏற்பாடு வேண்டும்.

ஒத்துழைப்பு என்றால் என்ன என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். கொள்ளிடத்துக்கு வடக்கே நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியோடு 1962-இல் ஓடத் தொடங்கியது. 600 மெகாவாட் வரை வளர்ந்து, 2020 வரை உழைத்தது. நம் பொறியாளர்கள் சோவியத் நாட்டுக்குப் போய்ப் பயிற்சி எடுத்து வந்து, எந்திரத்தைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டார்கள். அத்தனை வருஷம் ஓடியதில் அந்தப் படிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்றைக்கு அந்தப் படிப்பு கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. கன்ட்ரோல் சிஸ்டத்தின் பாஸ்வேர்டு கட்டியவர்களிடமே இருந்தால், அதிலுள்ள ஒரு எலக்ட்ரானிக் கார்டு பழுதானாலும் அவர்கள் விமானம் ஏறி வரும்வரை நிலையம் சும்மா நிற்க வேண்டியதுதான். அவர்கள் ஊருக்குக் கிளம்பும் முன், நம் ஷிப்ட் ஆட்களே ஒரு கார்டைக் கழற்றிப் புதியதைப் போட்டு, பேக்கப்பிலிருந்து புரோகிராமை ஏற்றி, டர்பைனை ஓட்டிக் காட்டட்டும். கடைசித் தவணைப் பணத்தை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.