ரத்தத்தின் மேல் பழியைப் போடாதீர்கள்

தொலைக்காட்சியில் ஒரு கொலைச் செய்தி ஓடினால் போதும், எங்கள் தாண்டிக்குடி டீக்கடை பெஞ்சில் உடனே தீர்ப்பு வந்துவிடும். "விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்? அவன் பரம்பரையே அப்படித்தான்." இப்போது இந்தப் பேச்சுக்கு அறிவியல் சாயமும் பூசிவிட்டார்கள். 'கொலைகார ஜீன்' என்றொரு காணொளி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளே அதை எனக்கு அனுப்புகிறார்கள். பணிக்காலம் முழுவதையும் இந்த மலைப் பள்ளிகளிலேயே கழித்தவன் நான். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அந்த ஜீன் கற்பனை இல்லை. 1993-இல் ஹான் புருன்னர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் நெதர்லாந்தில் ஒரு குடும்பத்தை ஆராய்ந்தார்கள். திடீர் மூர்க்கம், தீவைப்பு, பாலியல் அத்துமீறல் என்று அந்தக் குடும்பத்து ஆண்களில் பலர் ஒரே மாதிரி நடந்துகொண்டார்கள். செரடோனின் போன்ற மூளை வேதிப்பொருள்களைச் சிதைக்கும் நொதியை உண்டாக்க வேண்டிய எம்ஏஓஏ என்ற ஜீன் அவர்களுக்கு வேலையே செய்யவில்லை. ஆனால் இப்படி முழுதாகப் பழுதுபட்ட ஜீன் மிக மிக அரிது. காணொளிக்காரர்கள் காட்டுவது அந்த நொதியைக் குறைவாக உண்டாக்கும், அதே ஜீனின் மந்தமான வகையை. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது இருக்கிறது. மூன்றில் ஒருவர் அரிவாளைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்களா என்ன?

அந்த மந்த ஜீனைப் பற்றி 2002-இல் வெளிவந்த ஆய்வைத்தான் எல்லோரும் படிக்க வேண்டும். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளைச் சிறுவயது முதலே தொடர்ந்து கவனித்து வந்தார்கள். மந்த ஜீனும் இருந்து, சிறுவயதில் அடியும் கொடுமையும் பட்டு வளர்ந்தவர்கள் அந்த ஆண்களில் 12 சதவீதம்தான். ஆனால் வன்முறைக் குற்றங்களுக்காக ஆய்வில் இருந்த ஆண்கள் எல்லோரும் பெற்ற தண்டனைகளில் 44 சதவீதம் இந்த 12 சதவீதத்தினருடையது. அதே ஜீனோடு பிறந்து, அடிபடாமல் வளர்ந்த பிள்ளைகளோ மற்றவர்களைப் போலத்தான் இருந்தார்கள். பின்னால் வந்த சில ஆய்வுகளில் இந்தத் தொடர்பு இவ்வளவு அழுத்தமாகத் தெரியவில்லை. அப்படியே இருக்கட்டும். ஜீன் தனியாக ஒருவனைக் கொலைகாரன் ஆக்குகிறது என்று அவற்றில் எதுவும் சொல்லவில்லை.

டென்மார்க்கில் தத்துப்பிள்ளைகள் 14,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வு 1984-இல் வெளியானது. பெற்றவர் திருட்டு போன்ற சொத்துக் குற்றம் செய்திருந்தால், வேறு வீட்டில் வளர்ந்த பிள்ளையும் அதில் மாட்டும் வாய்ப்பு கொஞ்சம் கூடியது. வன்முறைக் குற்றத்தில் அந்தத் தொடர்பு தென்படவே இல்லை. பரம்பரை பேசுகிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? இன்னொன்றும் கேட்கிறேன். மேற்கு ஐரோப்பாவில் இடைக்காலத்தோடு ஒப்பிட்டால் கொலை விகிதம் பத்து மடங்குக்கு மேல் குறைந்திருக்கிறது. சில நூற்றாண்டுகளில் ஒரு கண்டத்தின் ரத்தமே மாறிவிட்டதா? சட்டம், நீதிமன்றம், படிப்பு, வாழ்க்கைமுறை, இவைதான் மாறின.

ரத்தத்தைப் பார்த்துக் குற்றவாளியை முடிவுசெய்தால் என்ன ஆகும் என்பது மற்ற ஊர்களைவிட நம் பக்கத்துக்கு நன்றாகத் தெரியும். இந்த மலையை விட்டு இறங்கி உசிலம்பட்டிப் பக்கம் போய்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். வடக்கே 1871-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. எந்தத் தப்பும் செய்யாதவன்கூட, பிறந்த சாதிக்காகக் கைரேகை வைக்க வேண்டும். ராத்திரியில் போலீஸ் கண்ணில் படும்படி ஓரிடத்தில் போய்ப் படுக்க வேண்டும். அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி சுட்டுக் கொன்றார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆயிற்று. அந்த மண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நாமே 'பரம்பரைப் புத்தி' என்று பேசுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவனுடைய அப்பா, காப்பித் தோட்டத்து எல்லைத் தகராறில் கூடப்பிறந்த அண்ணனையே வெட்டிக் கொன்றுவிட்டு மதுரைச் சிறையில் இருந்தார். ஒரு நாள் வகுப்பில் யாருடைய ஜியாமெட்ரி பாக்ஸோ காணாமல் போயிற்று. யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. அவன் எழுந்து, தன் பையைத் தலைகீழாகத் தரையில் கவிழ்த்தான். இரண்டு நோட்டு, மூடியில்லாத ஒரு பேனா, காகிதத்தில் மடித்த அவித்த மொச்சை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். அழவில்லை. எத்தனை முறை செய்து பழகியிருந்தால் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வேகம் வரும்! பெட்டி கடைசியில் ஜன்னல் விளிம்பில் கிடைத்தது.

அவனுக்கு ஓர் அண்ணன். அப்பா அம்மாவை அடித்த நாட்களையெல்லாம் பார்த்து வளர்ந்தவன். வெட்டு விழுந்த அன்று காப்பி காயவைக்கும் களத்திலேயே நின்றவன். சின்னவன் அப்போது கைக்குழந்தை. பாட்டி அவனைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கிழவி அவன்மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. இன்று சின்னவன் வத்தலக்குண்டுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் வண்டி ஓட்டுகிறான். பெரியவன்மேல் ஒருவரை வெட்டிக் காயப்படுத்திய வழக்கு நடக்கிறது. அண்ணன் தம்பிக்குள்ளும் ஜீன் ஏறக்குறைய பாதிதான் ஒன்று என்பது எனக்குத் தெரியும். ஒரு வீட்டை வைத்து அறிவியலை நிறுவ நான் வரவில்லை. ஆனால் அந்தப் பெரிய பிள்ளை களத்தில் நின்றதையும், அதற்குப் பிறகு அவனிடம் ஊரில் ஒருவர்கூட உட்கார்ந்து பேசாததையும் விட்டுவிட்டு, "அப்பன் ரத்தம்" என்று முடிப்பது அப்பட்டமான பொய். அது பெரியவர்களான நம் எல்லோருக்கும் வசதியான பொய்யும்கூட.

"அப்படியானால் வெட்டியவனை விட்டுவிடச் சொல்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. செய்ததற்கு அவன்தான் பொறுப்பு. 2022-இல் உச்ச நீதிமன்றமும் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில், மரண தண்டனை விதிக்கும் முன் குற்றவாளி வளர்ந்த விதம், குடும்பச் சூழல், மனநிலை எல்லாவற்றையும் திரட்டிப் பார்க்க வேண்டும் என்றுதான் சொன்னது. பார்த்த பிறகு தண்டிக்கட்டும்.

பெரியவனுக்கு வழக்கில் என்ன வருமோ வரட்டும். அவனுக்கு ஒரு மகள் இருக்கிறாள். வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேரப்போகிறாள். தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசியிருக்கிறேன். அவளுடைய தாத்தா யார், அப்பா யார் என்ற பேச்சு ஆசிரியர் அறையில்கூட எழக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதைப் படிக்கும் தாண்டிக்குடிக்காரர்களிடமும் கேட்கிறேன்: உங்கள் பிள்ளைகளை அவள் பக்கத்தில் உட்கார விடுங்கள்.