குழந்தைகள் வார்டில் நர்சிங் மாணவிகள்: ஒரு திருத்தம்

ஒரு பதிவில் ஒருவர், குழந்தைகள் வார்டுக்கு வரும் பி.எஸ்சி. நர்சிங் மாணவிகளுக்குக் குழந்தை நலப் பாடமே கிடையாது, ஆள் பற்றாக்குறைக்காகத்தான் அனுப்புகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். பலர் பகிர்ந்தும் இருக்கிறார்கள். மன்னிக்கவும், அது சரியில்லை.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் திருத்திய பாடத்திட்டத்தில் குழந்தை நல நர்சிங் ஐந்தாம், ஆறாம் செமஸ்டர்களில் கட்டாயப் பாடம். வார்டு பயிற்சி அந்தப் பாடத்தின் பகுதி. குழந்தையின் எடையைப் பார்த்து மருந்தளவு கணக்கிடுவது, வளர்ச்சியை மதிப்பிடுவது, பச்சிளம் குழந்தைப் பராமரிப்பு எல்லாம் அதில் வருகிறது. முதலில் திறன் ஆய்வகத்தில் பொம்மையை வைத்துப் பழக வேண்டும், அப்புறம்தான் வார்டு. பிள்ளை படுத்திருக்கும்போது பெற்றோருக்கு இருக்கும் பயம் நியாயமானது. அதனால்தான் இதைச் சரியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கவுன்சிலின் இணையதளத்தில் பி.எஸ்சி. பாடத்திட்டத்தை யாரும் இறக்கிப் பார்க்கலாம். 'குழந்தை நல நர்சிங்' பகுதியில் எந்த வார்டு, எத்தனை வாரம், என்னென்ன செய்முறை என்று அட்டவணையே இருக்கிறது. வார்டில் இருப்பவர்கள், மாணவி எந்தக் கல்லூரி, எந்த செமஸ்டர், மேற்பார்வை யார் என்று பொறுப்பு சிஸ்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.