பினாங்கு உளவுப் பள்ளி: ஒரு திருத்தம்

இந்த உரையாடலில் மேலே ஒருவர், 1942-இல் ஜப்பான் பிடியில் இருந்த மலாயாவின் பினாங்கிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் இந்தியாவுக்குப் போன உளவாளிகளை நேதாஜிதான் அனுப்பினார் என்று எழுதியிருக்கிறார். தேதியே இடிக்கிறது. நேதாஜி சிங்கப்பூர் வந்து இறங்கியது 1943 ஜூலையில். 1942-இல் ராஸ் பிஹாரி போஸ் தலைமையில் இருந்த இந்திய சுதந்திர லீக் என்ற விடுதலை அமைப்பின் சுவராஜ் பயிற்சிப் பள்ளி மாணவர்கள் இவர்கள். பினாங்கு வழக்கறிஞர் என். ராகவன் பொறுப்பில், கிரீன் லேனில் இன்றும் நாம் பார்க்கிற பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் கட்டடத்தில் நடந்தது அது.

அவர் இவர்களை "ஜப்பான்காரன் கூலிகள்" என்று சொல்வதும் அநியாயம். இவர்களில் ஒருவரான வக்கம் அப்துல் காதரின் குழு 1942 செப்டம்பர் கடைசியில் ரப்பர் படகில் கேரளத்தின் தானூரில் கரையேறி, உடனே பிடிபட்டது. 1943 செப்டம்பர் 10-இல் அவரையும் இன்னும் மூவரையும் சென்னைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். முந்தின இரவு அப்பாவுக்கு அவர் எழுதிய கடிதத்தைப் படித்துப் பாருங்கள், தயவுசெய்து.